ஈரோட்டில் சொந்தமாக ஆலோசனை மையம்: மேசை, பீரோ, போன் எல்லாம் எப்படி அமைப்பது?

காலிங்கராயன்கரை | செவ்வாய், இரவு 9.40

வணக்கமுங்க. ஒன்பது வருசம் ஒரு தனியார் மருத்துவமனையில் உளவியல் ஆலோசகராக இருந்துவிட்டு, வரும் தையில் சொந்தமாகத் தொடங்கப் போகிறேன். பெருந்துறை ரோட்டில் மாடியில் இரண்டு அறை பேசி, அட்வான்சும் கொடுத்தாகிவிட்டது. கீழே ஜவுளிக்கடை, பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம்.

உள்ளே உட்கார்ந்து பேசுவது எனக்குத் தெரிந்த வேலை. வெளியே இருக்கும் மேசைதான் பயமாக இருக்கிறது. மருத்துவமனையில் அப்பாயின்ட்மென்ட், பில், ஃபைல் எல்லாவற்றையும் வேறு யாரோ பார்த்துக்கொண்டார்கள். எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். பெயரை வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிடுவார்கள். 'மனநலம்' என்று சிவப்பு மையில் எழுதிய ஃபைல் டீ டம்ளருக்குக் கீழே கிடக்கும். அதே தப்பை நானும் என் செலவில் செய்துவிடக் கூடாது.

மேசையில் யாரை வைப்பது, என்ன பதிவேடு, பணம் எப்படி வாங்குவது, ஃபைலை எத்தனை வருசம் வைப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். புத்தகத்தில் இருக்கும் நெறிமுறைகளைப் படித்துவிட்டேன். நம்ம ஊரில் அது எப்படி நடக்கும் என்பதுதான் கேள்வி.


நொய்யல்காரி | செவ்வாய், இரவு 10.25

வாழ்த்துகள் அம்மணி. கோவையில் பதினேழு வருசமாக நடத்துகிறேன். மென்பொருள், ஃபார்ம் எல்லாம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் கதவுக்கு வெளியே போய் நின்று பாருங்கள்.

என் முதல் மையத்தில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வர வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தானே, நானும் யோசிக்கவில்லை. ஒரு நாள் ஒரு பெண் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய சின்ன மாமியார் பக்கத்துப் பல் டாக்டரிடம் வந்திருக்கிறார். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். நோம்பிக்கு அவரே எடுத்துக் கொடுத்த செருப்பு. கதவைத் தட்டி, "எங்க புள்ள உள்ள இருக்குதுங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே செருப்பு ஸ்டாண்டைக் கதவுக்கு உள்ளே மாற்றினேன்.

வண்டியும் அப்படித்தான். டிஎன் 36 என்று நம்பர் பிளேட் நின்றால் கோபிக்காரர் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கீழே ஜவுளிக்கடை இருப்பது உங்களுக்கு நல்லது, எதற்கு வந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பலகையைக் கடைக்காரர் பலகைக்குச் சமமாக, சின்னதாக வையுங்கள்.

ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் இருபது நிமிசம் விடுங்கள். வருமானம் குறையும், குறையட்டும். மாமனும் மருமகளும் படிக்கட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் அதை நீங்கள் எந்த ஃபார்மாலும் சரிசெய்ய முடியாது.


பொறுமைசாலி | செவ்வாய், இரவு 11.02

நான் இந்தத் தொழிலில் இல்லை. மூன்று வருசம் ஒருவரிடம் போய்வந்தவன். வருகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

அங்கே மேசையில் இருந்த தங்கச்சி ரொம்ப நல்ல மாதிரி. முதல் நாள் போனதும் தண்ணீர் கொடுத்தாள். "எந்த ஊருங்கண்ணா?" என்றாள். சொன்னேன். "அட, அங்க எங்க பெரியம்மா வீடு இருக்குதுங்க. நீங்க எந்தத் தோட்டம்?" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய் அந்த ஒரு மணி நேரமும் நான் பொய்தான் சொன்னேன். வேலை டென்ஷன், தூக்கமில்லை என்று ஏதேதோ. உண்மையைப் பேச இன்னும் நாலு முறை போக வேண்டியிருந்தது. நாலு முறைக்கும் கட்டணம் கட்டினேன்!


காலிங்கராயன்கரை | புதன், காலை 6.50

பொறுமைசாலி அண்ணா, இதைத்தான் பயந்தேன். ஆனால் ஊரைக் கேட்காவிட்டால் நம்மவர்கள் "என்ன, மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறாங்க" என்பார்களே? ஊர் கேட்பதும், சில வீட்டில் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று கேட்பதும் நமக்கு மரியாதையில் சேர்ந்தது.


நொய்யல்காரி | புதன், காலை 7.15

கேட்கக் கூடாது என்று மட்டும் சொன்னால் அந்தப் பெண் வாயடைத்து உட்கார்ந்திருப்பாள், வருகிறவருக்கு அது இன்னும் மோசம். அதற்குப் பதிலாக என்ன பேசலாம் என்று சொல்லிக் கொடுங்கள். "வெயிலா இருந்துச்சுங்களா?", "பஸ் கிடைச்சுதுங்களா?", "டீயா, மோருங்களா?" இந்த மூன்று போதும். முகவரி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது இதெல்லாம் உள்ளே நீங்களே எழுதி வாங்குங்கள். மேசைக்கு அவை போகவே வேண்டாம். மேசையில் இருப்பது நேரமும் ஒரு எண்ணும் மட்டும்.

எண்ணுக்கும் பெயருக்கும் உள்ள தொடர்பு ஒரே ஒரு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டு ஒரு பூட்டில், குறிப்புகள் வேறு பூட்டில்.

இன்னொன்று. நம்ம பக்கம் இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் வேர்த்தது கல்யாண விசாரிப்புக்குத்தான். தொடங்கிய இரண்டாம் வருசம் ஒரு போன். "அம்மணி, நாங்க பையன் வீட்டுல இருந்து பேசறோமுங்க. அந்தப் புள்ள உங்ககிட்ட வந்துட்டிருக்குதாமா? நல்ல எடம்னு கேள்விப்பட்டோம், அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு." அந்தப் பெண் என்னிடம் வந்ததே இல்லை. நானும் பெரிய உபகாரம் செய்வதாக நினைத்து, "இல்லைங்க, அப்படி யாரும் வரலைங்க" என்றேன்.

ஒரு மாசம் கழித்து வேறொரு பெண்ணைப் பற்றி இன்னொரு போன். இவர் என்னிடம் வருகிறவர். "அதெல்லாம் சொல்ல முடியாதுங்க" என்றேன். இரண்டு வீட்டுக்கும் தரகர் ஒருவரே. முன்னவளுக்கு 'இல்லை' என்றவள் பின்னவளுக்கு 'சொல்ல முடியாது' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு ரகசியத்தையும் வெளியே விடவில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து வந்தவருக்கும் வராதவருக்கும், தாசில்தார் கேட்டாலும் தாய்மாமன் கேட்டாலும் ஒரே வாக்கியம்: "யார் வர்றாங்க, வர்றதில்லைங்கறதைச் சொல்ற வழக்கம் இங்க இல்லைங்க." அட்டையில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அந்த நேரத்துக்கு யாரும் யோசிக்கவே கூடாது.


வரவுசெலவு | புதன், காலை 10.30

திருப்பூரில் ஆடிட்டர் ஆபீசில் இருக்கிறேன். பணம் பக்கம் நான் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சவுண்ட் பாக்ஸ் வேண்டாம். பேங்க்காரர் இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார். காத்திருக்கும் அறையில் நாலு பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும்போது "ஆயிரத்து இருநூறு ரூபாய் பெறப்பட்டது" என்று அது கத்தும். கட்டணத்தில் சலுகை கொடுத்திருந்தால் அடுத்தவருக்கு "முந்நூறு ரூபாய்" என்று கத்தும். இரண்டு பேருக்கும் சங்கடம்.

யுபிஐயில் பணம் போட்டால் வாங்கியவர் பெயர் அவர்கள் போனிலும் பேங்க் ஸ்டேட்மெண்டிலும் நிற்கும். நம்ம வீடுகளில் மருமகள் கணக்குக்கு மாமனார் போன் நம்பர் கொடுத்திருப்பதெல்லாம் சகஜம். 'மனநல ஆலோசனை மையம்' என்று கணக்குத் தொடங்காதீர்கள். உங்கள் பெயரிலோ பொதுவான ஒரு பெயரிலோ தொடங்குங்கள். ரொக்கமும் வாங்குங்கள், வாங்கியதற்கு ரசீது கொடுங்கள், கணக்கில் காட்டுங்கள். ரொக்கம் என்பதால் கணக்கில் வராது என்று யாராவது சொன்னால் அந்த ஆளிடம் கணக்குக் கொடுக்காதீர்கள்.

ஜிஎஸ்டி: சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. மருத்துவ சேவைக்கான விலக்கு உங்கள் தகுதிக்குப் பொருந்துமா என்பதை அந்த எல்லையை நெருங்கும்போது ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மாசாமாசம் எனக்கு வேண்டியது எண், தேதி, தொகை. பெயர் எனக்கு வேண்டாம். பெயருள்ள நோட்டு உங்கள் பூட்டிலேயே இருக்கட்டும், சட்டப்படி யாராவது கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.


கள்ளிப்பால் | புதன், காலை 11.05

பெயரை மறைத்துக் கணக்கு, எண்ணால் ஃபைல், கதவுக்குள் செருப்பு. ஏதோ தப்புத்தொழில் மாதிரியல்லவா இருக்கிறது? இப்படி மறைக்க மறைக்கத்தானே ஊரும் இதை அசிங்கம் என்று நினைக்கிறது?


பொறுமைசாலி | புதன், காலை 11.20

ஊரைத் திருத்தும் செலவை என் தலையில் கட்டாதீர்கள் நண்பரே. நான் போய்வந்ததை இன்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன். அதைச் சொல்வது நானாக இருக்க வேண்டும், என் செருப்பாக இருக்கக் கூடாது.


கொடிவேரி | புதன், மதியம் 2.10

மனநல மருத்துவர். கள்ளிப்பாலின் கேள்வி நியாயமானது, பதிலும் நியாயமானது. நான் வேறு நாலு விஷயம் சொல்கிறேன்.

பலகை: இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு இருந்தால் மட்டுமே 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போடலாம், 1992 சட்டம் அது. எம்எஸ்ஸி முடித்தவர் 'கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட்' என்று தன் படிப்பை உள்ளபடி போடட்டும். பிஎச்டி வாங்கியவர்கள் 'டாக்டர்' போடும்போது பக்கத்தில் படிப்பையும் எழுதிவிடுங்கள். கிராமத்திலிருந்து வருகிறவர் மாத்திரைச் சீட்டுக் கேட்பார், பாவம்.

பரிந்துரைப் பணம்: திறந்த மாதத்திலேயே ஒருவர் வருவார். "ஆளுக்கு இவ்வளவு கொடுத்தால் அனுப்பி வைக்கிறோம்" என்பார். கொடுக்காதீர்கள், வாங்கவும் செய்யாதீர்கள். என்னிடம் அனுப்பினால் இனாமாகத்தான் அனுப்ப வேண்டும், நானும் அப்படித்தான் அனுப்புவேன். அனுப்பும்போது வருகிறவரின் சம்மதத்தோடு ஒரு கடிதம் கொடுத்தனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் கதை எழுத வேண்டாம்.

அவசரம்: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நாளே அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். கணவர் பெயரைத் தானாகப் போட்டுவிடாதீர்கள், சில சமயம் ஆபத்தே அவர்தான். நீங்கள் போன் எடுக்காத இரவுக்கு அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416 கையில் இருக்கட்டும், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. ரசீதின் பின்புறமே அச்சடித்துவிடலாம்.

நாலாவது மறந்துவிட்டது. ஓபி நடுவில் எழுதுகிறேன்.


சட்டப்புள்ளி | புதன், இரவு 8.45

வழக்கறிஞன். ஒப்புதல் படிவம் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை வருகிறவரின் உரிமை என்கிறது. அது நீங்கள் காட்டும் பெருந்தன்மை அல்ல. விதிவிலக்குகளும் அங்கேயே இருக்கின்றன: உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு, பொதுப் பாதுகாப்பு போன்றவை. பிறருக்குத் தீங்கு வராமல் தடுக்கச் சொல்ல நேர்ந்தாலும், தடுக்கத் தேவையான அளவுதான் சொல்லலாம். ஃபைல் முழுவதையும் தூக்கிக் கொடுக்க முடியாது.

இந்த விதிவிலக்குகளை அவர் வாயைத் திறக்கும் முன் சொல்லிவிட வேண்டும். குறிப்பாக போக்சோ. 18 வயது நிரம்பாதவருக்கு நடந்த பாலியல் குற்றம் உங்கள் காதுக்கு வந்தால் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை உண்டு. 17 வயதுப் பெண் தன் காதலைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே அல்ல. "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுச் சொல்வாள். அதற்கு முந்திய நிமிசமே, எதை என்னால் வைத்திருக்க முடியாது என்று அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லியிருக்க வேண்டும். படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் அது சொன்னதாகாது. ஒரே பக்கம், பெரிய எழுத்து, நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

தம்பதியாக வருகிறவர்களுக்கு ஒரே ஃபைலா, இரண்டா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். விவாகரத்து வழக்கு வந்ததும் ஒருவர் மட்டும் வந்து "என் ஃபைலைக் கொடுங்க" என்பார். கூட்டு ஃபைல், இருவரும் கையெழுத்துப் போட்டால் தருவேன், இல்லையென்றால் நீதிமன்றம் கேட்கட்டும் என்று படிவத்தில் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். நோட்டீஸ் வக்கீலிடமிருந்து வந்தால் அது உத்தரவு அல்ல. பதறிப்போய் நகல் எடுத்து அனுப்பிவிட்டு அப்புறம் என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம்.

கணினியில் வைத்தால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டமும் வரும். விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். வெறும் காகித நோட்டுக்கு அது பொருந்தாது. அதே நோட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்றால் அப்போது பொருந்தும்.


ஊத்துக்குளி வெண்ணெய் | வியாழன், காலை 9.15

பனியன் கம்பெனியில் மனிதவளம் பார்க்கிறேன். நாங்கள் தொழிலாளிகளை அனுப்புகிறோம், கட்டணம் கம்பெனி தரும். எங்களைப் போன்றவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று நானே சொல்கிறேன். முதலாளி கேட்பார்: "காசு நம்மது, யாரு யாரு போறாங்க, என்ன பிரச்சினை?" எங்கள் ஆலோசகர் முதல் நாளே எழுதி வாங்கிவிட்டார், மாத பில்லில் எத்தனை அமர்வு என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கும் என்று. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் நான் தப்பிக்கிறேன். காகிதம் இல்லாவிட்டால் எனக்கும் சொல்லாமல் இருக்கத் தைரியம் இருந்திருக்காது.


காலிங்கராயன்கரை | வியாழன், மதியம் 1.30

காலேஜ் பிள்ளைகளுக்கும் இது பொருந்துமல்லவா? 19 வயதுப் பையன், அப்பா பால் பணத்தில் கட்டணம் அனுப்புகிறார், மாசக் கடைசியில் "என்னதான் சொல்றானுங்க?" என்று கேட்பார். அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.


நொய்யல்காரி | வியாழன், மதியம் 2.05

பாவம்தான். அதனால்தான் முதல் அமர்வில் அப்பாவையும் பத்து நிமிசம் உட்கார வைப்பேன். "வந்தானா, வரலையாங்கறதைக்கூட அவனே சொல்லட்டுங்க. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் நான் கூப்பிடுவேனுங்க" என்று பையன் முன்னாலேயே சொல்லிவிடுவேன். பெரும்பாலான அப்பாக்கள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாத ஒருவர், "அப்ப நீங்க எதுக்கு?" என்று எழுந்து போய்விட்டார். பையன் அப்புறம் தானாக வந்தான், கட்டணத்தில் பாதி வாங்கினேன்.

சலுகைக் கட்டணத்துக்கும் ஒரு விதி எழுதி வையுங்கள். வாரத்தில் இத்தனை இடம், இந்தத் தொகை என்று. முகத்தைப் பார்த்துக் குறைத்தால் நம்ம ஆட்களுக்கு மட்டும்தான் குறைப்போம்.


கொடிவேரி | வியாழன், இரவு 9.50

நாலாவது ஞாபகம் வந்தது. நீங்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

என் மூத்தவர் ஒருவர், பெயர் வேண்டாம், முப்பது வருசக் குறிப்புகளை இரும்புப் பீரோவில் வைத்திருந்தார். திடீரென்று மாரடைப்பு. காரியம் முடிந்து வாடகை இடத்தைக் காலி செய்யும்போது வெளியூரில் இருந்த மகன் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார். அவருக்கு என்ன தெரியும், கிலோ கணக்குத்தான். பத்து நாள் கழித்து என் கம்பவுண்டர் கடலை வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் கையெழுத்தை அடையாளம் கண்டேன். ஒரு பெண்ணின் பெயர், வயது, ஊர், "கணவரிடம் சொல்லவில்லை" என்று ஒரு வரி. கடலையை அப்படியே வைத்துவிட்டு அந்தக் கடையைத் தேடிப் போனேன். மிச்சம் மூன்று மூட்டை இருந்தது, விலை கொடுத்து வாங்கி வந்து எரித்தோம். போனது போனதுதான்.

சாவி யாரிடம், யார் திறக்கலாம், வந்துகொண்டிருப்பவர்களுக்கு யார் தகவல் சொல்வது என்பதை இதே தொழிலில் இருக்கும் ஒருவர் பெயரில் எழுதி, வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். வருசத்துக்கு ஒரு முறை பழையதை அழியுங்கள். மருத்துவர்களுக்கு 2002 நெறிமுறையில் உள்நோயாளி ஆவணங்களை 3 வருசம் வைக்க வேண்டும் என்று இருக்கிறது. நான் ஏழு வைக்கிறேன். சிறுவர்களுக்கு 18 வயது முடிந்ததிலிருந்து எண்ணுகிறேன்.


வரவுசெலவு | வியாழன், இரவு 10.15

கடலைப் பொட்டலம் தூங்க விடாது போலிருக்கிறது.


கள்ளிப்பால் | வெள்ளி, காலை 8.30

முந்தாநாள் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு சந்தேகம் மட்டும்: வாழைத்தார், நாட்டுச்சர்க்கரை கொண்டுவந்து வைத்தால் என்ன செய்வீர்கள்? திருப்பிக் கொடுத்தால் முகம் செத்துப்போகுமே.


நொய்யல்காரி | வெள்ளி, காலை 9.00

ஒரு சீப்பு வாங்கி எல்லோரும் சாப்பிடுவோம், குறிப்பில் எழுதுவேன். தாராக வந்தால் முடியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் அந்தப் பெண்ணிடமே கேட்பேன்: "நான் வந்தா யாருன்னு சொல்லுவே?" பதில் இல்லையென்றால் போகமாட்டேன். ஒரு தடவை போய்விட்டேன். மொய் எழுதுகிறவர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், அப்புறம், "பொண்ணுக்கு என்ன வேணுமுங்க?" என்றார். "டீச்சருங்க" என்று சொல்லித் தப்பித்தேன். அதுவும் பொய்தானே.


காலிங்கராயன்கரை | ஒன்பது நாள் கழித்து, ஞாயிறு இரவு

செய்தவரை சொல்கிறேன். செருப்பு ஸ்டாண்டு உள்ளே வந்துவிட்டது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி. இரண்டாவது சாவி பவானியில் இருக்கும் தோழியிடம், எழுத்தோடு. படிவம் ஒரே பக்கம், சட்டப்புள்ளி அண்ணா திருத்திக் கொடுத்தார். சவுண்ட் பாக்ஸ்காரரைத் திருப்பி அனுப்பியாயிற்று. கூகுளில் யாராவது நல்லதாகவோ கெட்டதாகவோ எழுதினால் பதில் போடுவதில்லை, நன்றிகூடச் சொல்வதில்லை என்று முடிவு. சொன்னால் வந்தவர் என்று நானே சாட்சி சொன்ன மாதிரி.

இன்னும் தீராத சிக்கல் கேமரா. படிக்கட்டில் கட்டட உரிமையாளர் வைத்தது, என் கதவை நேராகப் பார்க்கிறது. அவர் மகன் போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறார். திருப்பி வைக்கச் சொன்னால், "உங்க பாதுகாப்புக்குத்தானுங்க" என்கிறார். வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று நிற்கிறேன்.

மேசைக்கு ஒரு பெண் கிடைத்துவிட்டாள், சென்னிமலைப் பக்கம். மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். அட்டையும் ஒட்டியாயிற்று. நேற்று என் அண்ணனை விட்டு வேறு நம்பரிலிருந்து கூப்பிடச் சொல்லிப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "பையன் வீட்டுல இருந்து பேசறேனுங்க, அந்தப் புள்ள அங்க வருதுங்களா?"

"யார் வர்றாங்க, வர்றதில்லைங்கறதைச் சொல்ற வழக்கம் இங்க இல்லைங்க" என்றாள். தடுமாறாமல், ஒரு எழுத்து மாறாமல். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்புறம் கேட்டாள்: "நீங்க எந்த ஊருங்க?"